பெட்டியோடு வந்த லென்ஸ்

2012 ஜனவரி 11

ஹிரானுமா குளத்துக்கு மீன்கொத்தி இன்று இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் பாய்ந்தது, மீனோடு எழுந்தது, போய்விட்டது. என் கேமராவில் விழுந்தது இரண்டு தடவையும் தண்ணீர் வட்டம்தான். போன வாரத்து வட்டங்களையும் சேர்த்தால் ஒரு கண்காட்சியே நடத்தலாம். ‘மீன்கொத்தி சற்றுமுன் இருந்த இடங்கள்’ என்று தலைப்பு வைக்கலாம்.

குற்றம் என்னுடையது இல்லை, கேமராவுடையது. மகளின் பள்ளி விளையாட்டு விழாவுக்கு என்று வாங்கியது. மகள் கல்யாணமாகி சப்போரோ போய்விட்டாள், கேமரா மட்டும் இங்கேயே இருக்கிறது. டிஜிட்டல் எஸ்.எல்.ஆரில் இதற்குக் கீழே வேறு வகை கிடையாது. வினாடிக்கு மூன்று படம் எடுக்கும். இந்த விஷயம் மீன்கொத்திக்கும் தெரியும் என்று சந்தேகப்படுகிறேன். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் பார்த்துத்தான் அது பாய்கிறது.

ஜனவரி 13

குளக்கரையில் யாருக்கும் பெயர் கிடையாது. லென்ஸ்தான் பெயர், மரியாதைக்குக் கடைசியில் ஒரு ‘சான்’. அறுநூறு மில்லிமீட்டர், துளை எண் நாலு – அந்த வெள்ளைப் பீரங்கியை வைத்திருப்பவர் ஆறுநாலு-சான். ஐந்நூறு வைத்திருப்பவர் அஞ்சுநாலு-சான். எண்ணூறு, அஞ்சு புள்ளி ஆறு வைத்திருக்கும் ஒல்லி மனிதர் எட்டஞ்சாறு-சான். லென்ஸை அவர் தூக்கிவருகிறாரா, அவரை லென்ஸ் இழுத்துவருகிறதா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. இவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். எங்கே வேலை பார்த்தார்கள், எங்கே குடியிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதைக் கேட்பது மரியாதை இல்லை. லென்ஸ் எந்த வருடத்து மாடல் என்று கேட்கலாம்.

என் லென்ஸ் கேமரா வந்த அதே அட்டைப் பெட்டிக்குள் வந்தது. அதற்குக் கிட் லென்ஸ் என்று பெயர். ஆகவே நான் கிட்-சான். லிஃப்ட் கதவு செய்யும் கம்பெனியில் என்னைக் கஜிதானி பிரிவுத் தலைவர் என்று கூப்பிட்டார்கள். அறுபத்தொரு வயதில் கிட்-சான்!

உட்காரும் இடமும் லென்ஸ்படிதான். வெளிச்சம் முதுகில் விழும் நடு இடம் ஆறுநாலு-சானுடையது. அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மற்றவர்கள், நீளப்படி. எனக்கு நாணல் மறைக்கும் ஓரம், பொதுக் கழிப்பறைக்குப் பக்கத்தில். ஒரு நன்மை உண்டு. எல்லோரும் எப்போதாவது ஒரு தடவை என்னைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஜனவரி 16

தண்ணீர் வட்டம். ஃபோகஸ் மட்டும் அபாரம்.

ஜனவரி 19

என் மனைவி சுமியெ வரவேற்பில் உட்காரும் பல் ஆஸ்பத்திரிக்கு இன்று விடுமுறை. இரவுச் சாப்பாட்டுக்கு முள்ளங்கியும் முட்டையும் போட்ட ஓதென் கொதித்துக்கொண்டிருந்தது. முள்ளங்கியைத் தட்டில் வாங்கிக்கொண்டே பேச்சைத் தொடங்கினேன். மேல் வகைக் கேமராவில் ஃபோகஸ் புள்ளிகள் எத்தனை, இருட்டில் அது எப்படிப் பார்க்கும், எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் முட்டையைப் பாதியாக வெட்டிக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் பறவைக்கு நீங்க எந்தக் கேமராவுல எடுக்குறீங்கன்னு தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப யாருக்குத் தெரியணும்?”

முள்ளங்கியை ஊதித் தின்றேன். இங்கே எழுதுகிறேன், இதை யாரும் படிக்கப்போவதில்லை. அந்தக் குளக்கரை ஆட்களுக்குத் தெரியவேண்டும். செப்டம்பரில் ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு கம்பெனியிலிருந்து ஒருவரும் தொலைபேசியில் கூப்பிடவில்லை. புத்தாண்டு வாழ்த்து அட்டைகள் முன்பெல்லாம் ரப்பர் பேண்டு போட்ட கட்டாக வரும். இந்த வருடம் ரப்பர் பேண்டு தேவைப்படவில்லை. காலையில் எழுந்தால் போவதற்கு என்று எனக்கு இருப்பது அந்தக் குளம் ஒன்றுதான். அங்கேயும் ஓரத்தில் நிற்கிற ஆள் என்றால், அப்புறம் நான் எங்கே போவேன்?

சுமியெவிடம் இப்படிச் சொல்ல முடியுமா? ஃபோகஸ் புள்ளி என்று சொல்வது எளிது.

ஜனவரி 22

ஸ்டேஷன் பக்கத்துக் கேமராக் கடை. ஷிராதோரி என்று பெயர் அட்டை குத்திய பெண் என்ன எடுப்பீர்கள் என்று கேட்டாள். மீன்கொத்தி என்றேன். இருமலைக் கேட்ட டாக்டர் மாதிரி தலையசைத்தாள். தினமும் இதே வியாதியோடு எத்தனை பேர் வருகிறார்களோ!

நடுத்தர வகை ஒன்றைக் கையில் கொடுத்தாள். ஷட்டரை அழுத்தினேன். அந்தச் சத்தம்! என் கேமரா கதவைத் தட்டுகிறது, இது கதவை உடைத்துக்கொண்டு போகிறது. பழையதை எடுத்துக்கொண்டால் என்ன கழிப்பீர்கள் என்று கேட்டேன். வெள்ளைக் கையுறை மாட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்து, சென்சாரில் தூசி இருப்பதாகச் சொன்னாள். வானத்தை எடுத்தால் படத்தில் புள்ளி விழுமாம். பிறகு ஒரு தொகை சொன்னாள். அதில் இரண்டு பேர் விலாங்கு மீன் சோறு சாப்பிடலாம், ஒருவர் சின்ன அளவு.

ஜனவரி 24

இரவெல்லாம் பனி. காலையில் குளக்கரையில் இரண்டே பேர்: அஞ்சுநாலு-சான், நான். பறவை வரவில்லை. அதற்குப் புத்தி இருக்கிறது.

அஞ்சுநாலு-சான் பருத்த மனிதர். லென்ஸுக்குப் பழுப்புக் கட்டம் போட்ட கம்பளி உறை மாட்டியிருப்பார். மற்றவர்கள் காட்டு வண்ண உறையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இவருடையது வீட்டில் தைத்தது. கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் என்னிடம் நின்று இரண்டு வார்த்தை பேசுபவர் அவர் ஒருவர்தான். இன்று இயந்திரத்தில் இரண்டு சூடான காபி டப்பா எடுத்து, ஒன்றை என் கையில் வைத்தார். இனிப்புப் பயறு ரொட்டியையும் பாதி பிய்த்துக் கொடுத்தார். சப்தமில்லாமல் பனி விழுந்துகொண்டே இருந்தது.

கேமராவை மாற்றப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் யோசித்தார்.

“மாத்துங்க, நல்லதுதான். ஆனா இந்தப் பீரங்கியால பக்கத்துல எதுவும் தெரியாது. நாலு மீட்டர் தள்ளி நின்னாத்தான் ஃபோகஸே ஆகும். பாருங்க, உங்களை எடுக்கணும்னாக்கூட நான் ரோட்டுக்குப் போகணும்.”

சிரித்தார். பிறகு, அந்தச் சின்ன லென்ஸில் மனிதன் எப்படித் தெரிகிறான் பார்க்கலாம், என்னை ஒன்று எடுங்கள் என்றார். குளக்கரையில் மனிதனை எடுப்பது வழக்கமில்லை. எட்டஞ்சாறு-சான் ஒரு நாள் கைபேசியை நீட்டி யாரையோ எடுக்கப்போனார். ஆறுநாலு-சான் ஒரு தடவை இருமினார், கைபேசி பைக்குள் போய்விட்டது. இன்று இரும யாரும் இல்லை. எடுத்தேன். தொப்பியில் பனி, கையில் காபி டப்பா, தாடையில் ரொட்டித் துணுக்கு.

இன்றைய கணக்கு: பறவை எதுவும் இல்லை. ஒரு படம் வீண்.

ஜனவரி 25

மெமரி கார்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். நேற்று எடுத்ததை அழிக்கப்போனபோது பின்னாலிருந்து சுமியெ கையைப் பிடித்தாள்.

“அதை ஏன் அழிக்கிறீங்க? ஊர்ப்பட்ட வட்டத்தையெல்லாம் சேர்த்து வச்சிருக்கீங்க.”

இதில் பறவை இல்லை என்றேன். யார் இது என்று கேட்டாள். அஞ்சுநாலு-சான் என்றேன். பெயர் கேட்டேன் என்றாள். அதுதான் பெயர் என்றேன். அவளுக்குக் கோரஸ் வகுப்புக்கு நேரமாகிவிட்டது, நல்லவேளை.

பிப்ரவரி 2

உடம்பா, லென்ஸா? முதலில் கேமரா உடம்பை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா என்று குளக்கரையில் கேட்டுத் தொலைத்தேன். லென்ஸ்தான் என்றார் ஆறுநாலு-சான். உடம்புதான் என்றார் எட்டஞ்சாறு-சான். மற்றவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் பறவை வந்து மீன் தின்று இறகு கோதிவிட்டுப் போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எடுத்தேன். நாணல் தெளிவாக விழுந்திருக்கிறது.

பிப்ரவரி 11

ஆறுநாலு-சான் பூத்த பிளம் கிளை ஒன்றைக் கொண்டுவந்து தண்ணீரில் நட்டார். எங்கே வெட்டினார் என்று கேட்கக்கூடாது. பிளம் பூவும் மீன்கொத்தியும் ஒரே படத்தில் வந்தால் போட்டியில் நிச்சயம் பரிசாம். அவருக்கு அதைவிடப் பெரிய ஆசை ஒன்று உண்டு. வசந்தத்தில் ஆண் பறவை ஒரு மீனைப் பிடித்து வந்து, தலைப்பக்கத்தைத் திருப்பி, பெண்ணின் வாயில் கொடுக்கும். பெண் பார்க்கும் சடங்கு மாதிரி. ஆறு வருடமாக அதற்குக் காத்திருக்கிறார். ஒவ்வொரு வருடமும் அது எங்கேயோ மறைவில் நடந்து முடிந்துவிடுகிறது.

பறவை வந்தது. பிளம் கிளையை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு நகராட்சி வைத்த ‘மீன் பிடிக்கத் தடை’ பலகையின் மேல் போய் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்தது. அத்தனை வெள்ளை லென்ஸும் கீழே இறங்கின. பலகையில் உட்கார்ந்த பறவையை எடுத்தால் அது இயற்கை இல்லையாம். வெட்டிக்கொண்டுவந்து நட்ட கிளைதான் இயற்கை. அஞ்சுநாலு-சான் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பிப்ரவரி 24

ஐந்தாறு நாளாக அஞ்சுநாலு-சான் வரவில்லை. அவர் இடத்தில் யாரும் உட்காரவுமில்லை.

மார்ச் 2

அஞ்சுநாலு-சான் விஷயமாக இன்று குளக்கரையில் கருத்தரங்கு. வேறு குளத்துக்குப் போய்விட்டார் என்றார் ஒருவர். துரோகம். லென்ஸை விற்றுவிட்டு வேறு கம்பெனிக் கேமராவுக்கு மாறியிருப்பார் என்றார் இன்னொருவர். அதைவிடத் துரோகம். ஒரு தடவை போன் செய்து பார்க்கலாமே என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எண் யாரிடம் இருக்கிறது? வீடு எந்தப் பக்கம்? சரி, பெயர் என்ன?

ஆறுநாலு-சானுக்கு அந்த லென்ஸின் வரிசை எண்ணின் முதல் எழுத்துகள் தெரிந்திருந்தன.

மார்ச் 4

முடிவு செய்தேன். நடுத்தர வகை உடம்பும், நானூறு வரை போகும் லென்ஸும். ஷிராதோரி எடுத்துவைப்பதாகச் சொன்னாள். பதினேழாம் தேதி போய்ப் பழையதைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். கார்டையும் துடைத்தாயிற்று. இனி நான் ‘நானூறு-சான்’. எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் அழகாக இருக்கிறது.

சுமியெ எதுவும் சொல்லவில்லை. அது சம்மதமா, வேறு ஏதாவதா என்று இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

மார்ச் 13

இன்று ஒரு அம்மாள் குளக்கரைக்கு வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கறுப்புக் கோட்டு. வரிசையாக நின்ற எங்கள் எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார்.

“காலையில இங்க வர்றவங்க நீங்கதானே? நான் ஓனுகியோட வீட்டுக்காரி.”

ஓனுகி என்று யாரையும் எங்களுக்குத் தெரியாது. பக்கத்துக் குளத்தில் விசாரித்துப் பாருங்கள் என்று ஆறுநாலு-சான் மரியாதையாகச் சொன்னார். அந்த அம்மாள் நகரவில்லை. பெரிய வெள்ளை லென்ஸ் வைத்திருப்பார் என்றார். நாங்கள் எல்லோருமே பெரிய வெள்ளை லென்ஸுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தோம், என்னைத் தவிர. பிறகு அவர் சொன்னார்:

“அதுக்கு ஒரு உறை உண்டு. என் பழைய கோட்டை வெட்டித் தச்சுக் குடுத்தேன். பழுப்புக் கட்டம் போட்டது.”

“அஞ்சுநாலு-சான்,” என்றார் எட்டஞ்சாறு-சான் மெல்ல.

போன மாதம் பத்தொன்பதாம் தேதி இறந்துவிட்டார். இதயம். காலையில் குளத்துக்குக் கிளம்பி, வாசலில் ஷூ போட உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சவச்சடங்கெல்லாம் முடிந்துவிட்டது. யாருக்குச் சொல்வதென்று தெரியாததால் குளத்துக்குச் சொல்லவில்லை. அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டார். அவர் போய் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்!

வந்த காரணம் வேறு.

“வீட்டுல ஆயிரக்கணக்குல படம் இருக்கு. எல்லாம் அந்தப் பறவைதான். இவர் முகம் ஒண்ணுலயும் இல்லை. சடங்குக்கு டிரைவிங் லைசன்ஸ் படத்தைப் பெருசாக்கி வச்சோம். போலீஸ் தேடுற ஆள் மாதிரி இருக்கார். நாப்பத்தொன்பதாம் நாள் சடங்கு வருது. அன்னிக்காவது மனுஷன் மாதிரி ஒரு முகம் வைக்கணும். உங்க யார்கிட்டயாவது இருக்கா?”

அங்கே நின்ற லென்ஸ்களை எல்லாம் விற்றால் ஒரு வீடு வாங்கலாம். அதில் ஒன்றாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் முகத்தைப் பார்க்க முடியாது. வருடக்கணக்காகத் தோளோடு தோள் நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் தரையைப் பார்த்தார்கள். ஆறுநாலு-சான் லென்ஸ் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

என்னிடம் இருக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது – கார்டைத் துடைத்தாயிற்றே. சைக்கிளை எடுத்துக்கொண்டு பல் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நோயாளிகள் முன்னால் கேட்டேன். அந்தப் படம் எங்கடி? அழிச்சிட்டேனா? எங்கயாவது வச்சியா? சுமியெ குரலே உயர்த்தவில்லை.

“கம்ப்யூட்டர்ல ‘மனிதர்கள்’னு ஒரு ஃபோல்டர் போட்டு வச்சிருக்கேன். நீங்க இப்பக் கொஞ்சம் உக்காருங்க.”

வீட்டுக்கு வந்து அந்த ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு படம்தான் இருந்தது. தொப்பியில் பனியோடு அஞ்சுநாலு-சான் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கிட் லென்ஸில் எடுத்தது. கூர்மை குறைவு என்று எந்தக் கேமராப் பத்திரிகையைத் திறந்தாலும் திட்டியிருப்பார்கள். கண்ணோரச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிறது. நான் கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 15

படத்தைப் பெரிதாக அச்சிட்டு ஓனுகி வீட்டில் கொடுத்தேன். குளத்திலிருந்து இரண்டே பஸ் நிறுத்தம். ஓனுகி தெருஹிகோ – அதுதான் அவர் பெயர். தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். அந்த அம்மாள் பெயர் மிசாவோ. தாடையில் இருந்த ரொட்டித் துணுக்கைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அது இல்லையென்றால் அவர் இல்லை என்றார்.

மார்ச் 17

கடைக்குப் போகவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டு, இன்னும் கொஞ்ச நாள் எடுத்துவையுங்கள் என்றேன். ஷிராதோரி காரணம் கேட்கவில்லை. இந்த வியாதியின் எல்லாக் கட்டங்களும் அவளுக்குத் தெரியும்போல.

மார்ச் 22

மிசாவோ-சான் கூப்பிட்டனுப்பினார். மேசையில், கட்டம் போட்ட உறையோடு, அந்த லென்ஸ்.

“நீங்க எடுத்துக்கங்க. அவர் உங்களைப் பத்திச் சொல்லியிருக்கார். கழிப்பறைப் பக்கத்துல ஒரு நல்ல மனுஷன் நிக்கிறார்னு.”

வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லவேண்டும், அதுதான் முறை. நான் இரண்டு தடவைதான் சொன்னேன். துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

என் கேமராவில் பொருத்தினால் கேமரா எங்கே என்று தேடவேண்டியிருக்கிறது. ஆனால் பொருந்துகிறது. காசு செலவில்லாமல், மேல் வகைக்கும் மேல் வகை! ஐந்நூறு, நாலு!

சுமியெ சுற்றிவந்து பார்த்தாள். எங்கே வைப்பது என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“அந்தம்மா இதுல ஒரு தடவையாவது கண்ணை வச்சுப் பார்த்திருக்காங்களா?”

எனக்கு எப்படித் தெரியும் என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

மார்ச் 24

குளம். லென்ஸைக் கண்டதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஆறுநாலு-சான் உறையைத் தடவிப் பார்த்தார். பிறகு தன் பக்கத்தில் இருந்த அந்தக் காலி இடத்தைக் கையால் காட்டினார்.

“வாங்க. இரண்டாம் அஞ்சுநாலு-சான்.”

எத்தனை மாதம் இதற்கு ஏங்கினேன்! போய் உட்கார்ந்தேன். வெயில் முதுகில் இதமாக விழுந்தது. நாணல் இல்லை, கழிப்பறை வாடை இல்லை. பறவை வந்தது. ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது, அதன் கண்ணில் நாங்கள் வரிசையாக நிற்பதுகூடத் தெரிந்தது.

மாலையில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். குறையே இல்லை. பூங்கா அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் படமும் இதேதான். ஆறுநாலு-சான் போன வருடம் பரிசு வாங்கியதும் இதேதான். வட்டங்களாவது என்னுடையவை.

அது மட்டுமில்லை. இன்று முழுக்க யாராவது ‘அஞ்சுநாலு-சான்’ என்று கூப்பிடும்போதெல்லாம் அவர் வந்துவிட்டாரோ என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

மார்ச் 27

ஆறுநாலு-சான் கழிப்பறைக்குப் போகிற சாக்கில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். ஓனுகி-சானுக்கு எடுத்தீர்களே, அதுமாதிரி... எனக்கும்... அவசரமில்லை... வயசாகுதில்ல.

அவரை எடுக்க ஐந்நூறைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கி நகர்ந்தேன். பாதையைத் தாண்டினேன். அசேலியாச் செடிக்குள் இறங்கினேன். அங்கிருந்து பார்த்தால் மூக்கு மட்டும் தெரிந்தது, மூக்குத் துவாரத்தில் முடி எல்லாம் மிகத் துல்லியம். இன்னும் பின்னால் போனால் பஸ் வரும் சாலை.

“கிட் லென்ஸ் கொண்டாரலையா?” என்று கேட்டார். ஏமாற்றம் குரலிலேயே தெரிந்தது.

மார்ச் 29

பல் ஆஸ்பத்திரி விடுமுறை. சுமியெவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோகஸ் புள்ளி இல்லாமல். வாழ்த்து அட்டை, ஓரத்து இடம், எல்லாம். அவள் ரொம்ப நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, “இவ்வளவுதானா? நான் வேற எதோன்னு பயந்துட்டேன்,” என்றாள்.

பிறகு மிசாவோ-சானுக்குத் தொலைபேசியில் பேசினேன். லென்ஸை நானே வைத்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு தடவை நீங்கள் அதில் பார்க்கவேண்டும், குளத்துக்கு வாருங்கள் என்றேன். எனக்கு அந்தப் பறவையைப் பிடிக்காது என்றார். அது நியாயம்தான், ஆனாலும் வாருங்கள் என்றேன்.

ஏப்ரல் 2

வந்தார். அவர் கணவர் உட்கார்ந்த இடத்திலேயே நாற்காலி போட்டோம். ஆறுநாலு-சான் தாமே ட்ரைபாடின் உயரத்தைக் குறைத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் பெண் பறவை வந்து அமர்ந்தது. பெண்ணுக்கு அலகின் கீழ்ப் பாதி சிவப்பாக இருக்கும். மிசாவோ-சான் கண்ணை வைத்தவர் அப்படியே அசையாமல் இருந்தார்.

“இவதானா. இத்தனை வருஷமா இவர் விடியறதுக்கு முன்னாடி ஓடினது இவளைப் பார்க்கத்தானா. உதட்டுச்சாயம் வேற பூசிட்டு வந்திருக்கா.”

யாரும் சிரிக்கத் துணியவில்லை. அவரே முதலில் சிரித்தார். பிறகு ஷட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

லென்ஸைப் பற்றி அதற்குமேல் பேச்சு வரவில்லை. போகும்போது அவரே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். எட்டஞ்சாறு-சான் பஸ் நிறுத்தம் வரை ட்ரைபாடைத் தூக்கிப்போனார். “நாளைக்குப் பார்ப்போம், அஞ்சுநாலு-சான்” என்று அவர் மிசாவோ-சானிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இந்தத் தடவை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 4

ஆறுநாலு-சானை எடுத்தேன். பெயர் உத்சுகி. முன்பு பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்தாராம். எட்டஞ்சாறு-சானை எடுத்தேன். பெயர் மபுச்சி, மனைவி இல்லை, ஒரு பூனை. படம் போட்டுக் கொடுக்கும் உறை மேல் எழுதுவதற்கு என்று பெயர் கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள், கூடவே சொந்தக் கதையும். நான் என் பழைய இடத்துக்கே வந்துவிட்டேன், கழிப்பறைப் பக்கம். காலையிலிருந்து இங்கே ஒருவர் மாற்றி ஒருவர். பறவையைப் பார்க்க நேரமே இல்லை.

ஏப்ரல் 7

ஓனுகி-சானின் நாற்பத்தொன்பதாம் நாள். குளத்திலிருந்து எல்லோரும் கறுப்புச் சூட்டில் போனோம். வழிபாட்டு மாடத்தில் அவர் தொப்பியில் பனியோடு சிரித்துக்கொண்டிருந்தார், ரொட்டித் துணுக்கோடு. ஊதுபத்தி வைத்துவிட்டு உத்சுகி-சான் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தார். எந்த லென்ஸ் என்று அவர் கேட்கவில்லை.

ஏப்ரல் 10

செர்ரிப் பூ கொட்டித் தண்ணீரெல்லாம் வெளிர்ச் சிவப்பு. எல்லோரையும் ஒன்றாக எடுக்கவேண்டும் என்று மிசாவோ-சான் சொன்னார். குளத்துக்கு முதுகு காட்டி வரிசையாக நிற்கவைத்தேன். நடுவில் மிசாவோ-சான். லென்ஸ்கள் கேட்பாரற்று ஓரத்தில் நின்றன. கிட் லென்ஸின் மிக அகலமான முனை, பதினெட்டு மில்லிமீட்டர். எல்லோரும் அதற்குள் அடங்கினார்கள்.

கண்ணை வைத்தேன். அவர்கள் தலைகளுக்குப் பின்னால், ‘மீன் பிடிக்கத் தடை’ பலகையின் மேல், இரண்டு பறவைகள். ஆணின் வாயில் மீன். மெதுவாக மீனின் தலையைத் திருப்பிக் கொடுக்கிறது. பெண் வாங்கிக்கொள்கிறது.

உத்சுகி-சான் ஆறு வருடம் காத்திருந்தது அவர் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் பாய்ந்திருப்பார்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் அப்போது மபுச்சி-சான் தோளில் கை போட்டிருந்தார். அவர் யார் தோளிலாவது கை போட்டு நான் பார்த்ததில்லை.

“இன்னும் கொஞ்சம் சிரிங்க,” என்றேன். அழுத்தினேன்.

ஏப்ரல் 12

மதியம் ஷிராதோரி கூப்பிட்டாள். எடுத்துவைத்ததை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். குழுப் படத்தை எத்தனை பிரதி அச்சிடவேண்டும் என்று சொன்னேன். பழைய கேமராவைச் சுத்தம் செய்யட்டுமா, சென்சாரில் தூசி இருந்ததே என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

ஏப்ரல் 14

படங்களைக் கொடுத்தேன். சுமியெவுக்குக் காட்டியபோது அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டவுடன் பறவைகளைக் கண்டுபிடித்துவிட்டாள். என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இந்த மௌனம் மட்டும் எனக்குப் பிடிபட்டது.

குளக்கரையில் எல்லோரும் அவரவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். உத்சுகி-சான் மட்டும் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், பலகையின் மேல் இருந்த நீலப் புள்ளியை நகத்தால் சுரண்டினார்.

“இது என்ன, தூசியா?”

“சென்சார்ல தூசி,” என்றேன். “பழைய கேமரா இல்லையா.”

“மாத்திடுங்க, கிட்-சான். எத்தனை நாள்தான் இதை வச்சுக்கிட்டு இருப்பீங்க?”

யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.